செம்மறிக்கு முடி வெட்டுவது: குமரி மாவட்டத்தில் எப்போது, எப்படி, வெட்டிய ரோமம் என்ன பெறும்?

கேள்வி இது: ஆரல்வாய்மொழி பக்கம் குரும்பை என்ற ரோம இனச் செம்மறி 20 வாங்கி வளர்க்கிறீர்கள். மேல்முடி அடர்ந்து நிற்கிறது. எந்த மாதம் வெட்டலாம், கத்தரிப்பது எப்படி, கம்பளி நூல் நூற்றுக்கணக்கான ரூபாய்க்கு விற்கும்போது வெட்டிய முடிக்கு மட்டும் ஏன் யாரும் விலை சொல்ல மறுக்கிறார்கள்?

விலையை முதலில் பார்த்துவிடலாம். அது தெளிவானால் எப்போது வெட்டுவது, எவ்வளவு கவனம் எடுப்பது என்பதெல்லாம் தானாக முடிவாகும். குரும்பை ஆடு ஒரு வெட்டுக்கு 300 முதல் 500 கிராம் வரை ரோமம் தரும். சராசரி 400 கிராம் என்று வைத்தால் 20 ஆட்டுக்கு 8 கிலோ. இது கழுவாத எடை. இதற்குள் தோலில் சுரக்கும் மெழுகு, காய்ந்த வேர்வை உப்பு, செம்மண் தூசி, புல்விதை, புழுக்கைத் துகள் எல்லாம் இருக்கும். கழுவிக் காயவைத்தால் நிற்கும் சுத்த இழை ஏறக்குறைய 5 கிலோ. வாங்குகிறவர் கணக்குப் போடுவது இந்த 5 கிலோவுக்குத்தான். வண்டி வாடகை மட்டும் 8 கிலோவுக்கு விழும்.

அதை மனதில் வைத்து வியாபாரி கழுவாத ரோமத்துக்குக் கிலோவுக்கு 10 ரூபாய் சொன்னால் 80 ரூபாய். 40 ரூபாய் சொன்னாலும் 320 ரூபாய். பழகாத கைக்கு ஒரு ஆட்டை முடிக்க அரை மணி நேரம் ஆகும். 20 ஆட்டுக்கு 10 மணி நேரம், அதுவும் பிடிக்க ஒருவர், வெட்ட ஒருவர். எந்தக் கணக்கில் போட்டாலும் ரோமத்தை விற்ற காசு வெட்டுக்கூலிக்கு வராது. ஆகவே இங்கே முடி வெட்டுவது ஆட்டின் உடம்புக்காக. ரோமம் கூடவே வரும் பொருள், அதைத் தோட்டத்தில் நன்றாகப் பயன்படுத்தலாம். அதையும் கீழே எழுதியிருக்கிறேன்.

விலை ஏன் இப்படி என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். இழையின் தடிமனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் அளப்பார்கள். மெரினோ ரோமம் ஏறக்குறைய 17 முதல் 24 மைக்ரான். அதுதான் உடம்பில் உறுத்தாத ஸ்வெட்டருக்குப் போகிறது. ஓர் ஆஸ்திரேலிய மெரினோ ஆடு வருடத்துக்கு 4, 5 கிலோ தருகிறது. தமிழ்நாட்டுக்கே உரிய இனங்களில் மென்ரோமம் உள்ளது நீலகிரி ஆடு மட்டும். 19-ஆம் நூற்றாண்டில் உள்ளூர் ஆட்டோடு மெரினோ, செவியட், சவுத்டவுன் கிடாக்களைச் சேர்த்து உருவானது. ஊட்டி அருகே சாண்டிநல்லாவில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் அதைக் காத்துவருகிறது. கொடைக்கானல் மன்னவனூரில் மத்திய செம்மறி, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையத்தில் பாரத் மெரினோ என்ற கலப்பினம் இருக்கிறது. இரண்டுமே குளிர்ந்த மலை. குரும்பையும் திருச்சி கருப்பும் தருவது முரட்டு ரோமம். இழைக்கு நடுவில் தக்கை போன்ற வெற்றிடம் இருக்கும், சாயம் ஒழுங்காகப் பிடிக்காது, முறுக்கினால் முறியும். கம்பளத்துக்கும் மேய்ப்பர் போர்த்தும் கம்பளிக்கும்தான் ஆகும். கம்பள ரோமத்தின் பெரிய சந்தை ராஜஸ்தானின் பிகானேரில். கம்பளி நெசவு கர்நாடகத்தின் சள்ளக்கெரே பக்கம். இங்கிருந்து 8 கிலோவை அங்கே அனுப்புகிற செலவில் அங்கேயே நூல் வாங்கிவிடலாம். கடையில் நூல் விலை உயர்ந்திருக்கிறதென்றால் அது தரம் பிரித்தல், கழுவுதல், சீவுதல், நூற்றல், சாயம் ஆகியவற்றின் விலை. பச்சை ரோமத்தின் பங்கு அதில் சிறிது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், பலர் இதில் தவறுகிறார்கள். நம் பக்கம் கிடைக்கும் கீழக்கரிசல், வேம்பூர், செவ்வாடு, ராமநாதபுரம் வெள்ளை, மேச்சேரி எல்லாம் ரோமம் இல்லாத இனங்கள். உடம்பில் இருப்பது வெள்ளாட்டுக்கு உள்ளதுபோன்ற குட்டை முடி. அவற்றுக்குக் கத்திரி வைக்கவே வேண்டாம். வெட்டினால் வெயிலில் தோல் புண்ணாவதுதான் மிச்சம். உங்கள் மந்தையில் இரண்டும் கலந்திருந்தால் முதுகில் விரலை விட்டுப் பாருங்கள். விரல் புதைந்து, பிரித்த இடத்தில் இளஞ்சிவப்புத் தோலும் பிசுபிசுப்பும் தெரிந்தால் அது வெட்டவேண்டிய ஆடு.

இனி காலம். குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு. ஜூனில் தென்மேற்கு, அக்டோபர் பாதியில் வடகிழக்கு. நடுவில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று. வைகாசி முதல் ஆவணி வரை முப்பந்தல் காற்றாலைகள் ஓயாமல் சுற்றும் காலத்தில், புதிதாக முடி வெட்டிய ஆடு சாரலில் நனைந்து அந்தக் காற்றில் நின்றால் ஒரே இரவில் உடல் சூடு இறங்கிச் சாகக்கூடும். ஊர் வெயில் ஊராயிற்றே, குளிர் என்ன செய்யும் என்று நினைக்கவேண்டாம். ஈரமும் காற்றும் சேர்ந்தால் போதும். அதனால் தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்துக்கு மாசி மாதமே சரியான காலம். பனி குறைந்திருக்கும், மழை இருக்காது, கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்து வயல் காலியாகி ஆடு மேய இடம் கிடைக்கும், கோடை வெயில் ஏறுவதற்குள் தோலில் ஒரு விரற்கடை முடி மறுபடி வந்துவிடும். இங்கே வருடத்துக்கு ஒரு முழுவெட்டு போதும். புரட்டாசி தொடக்கத்தில் காற்று தணிந்ததும் வால், பின்தொடை, மடியைச் சுற்றி மட்டும் கத்தரித்து விடுங்கள். வடகிழக்கு மழையில் பச்சைப்புல் தின்று கழியும்போது அந்த இடத்தில்தான் சாணம் ஒட்டி, ஈ முட்டை வைக்கும்.

கல்குளம், விளவங்கோடு பக்கம் ரப்பர், தென்னை நிழலில் வளர்ப்பவர்களுக்கு நிலைமை வேறு. அங்கே மழை கூடுதல், முடி காய்வதே இல்லை. நனைந்த முடிக்கடியில் தோல் வெந்து, மஞ்சள் பொருக்கு கட்டி, நாற்றம் வரும். அவர்கள் மாசியில் ஒன்று, ஆவணியில் ஒன்று என இரண்டு முறை வெட்டுவதே நல்லது. ஆவணி வெட்டில் தோலை ஒட்டி வெட்டாமல் 2 சென்டிமீட்டர் விட்டு வெட்டவேண்டும். என் கருத்தைக் கேட்டால், அந்த மழைப் பகுதிக்கு ரோம ஆடே வேண்டாம் என்பேன்.

சினை ஆட்டைக் கவனியுங்கள். செம்மறியின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். கடைசி ஒன்றரை, இரண்டு மாதத்தில் பிடித்துக் கிடத்திப் புரட்டக்கூடாது. கிடா சேர்ந்த தேதியைக் குறித்து வைத்திருந்தால் சிக்கல் இல்லை. குறிக்காவிட்டால், மடி இறங்கத் தொடங்கிய ஆட்டை விட்டுவிட்டு, ஈன்று ஒரு மாதம் கழித்து வெட்டலாம். குட்டிகளுக்கு 6 மாதமாவது ஆகட்டும்.

வெட்டுகிற நாளுக்கு முந்தின மாலையோடு தீவனத்தை நிறுத்திவிடுங்கள், இரவு தண்ணீரும் வேண்டாம். வயிறு நிறைந்த ஆட்டைக் கிடத்தினால் மூச்சுத் திணறும், உதைக்கும், இரை எதுக்களித்து மூச்சுக்குழலுக்குள் போகும். வெட்டும் இடமெல்லாம் சாணமாகும். இரவு ஆட்டைக் கொட்டகைக்குள் அடைத்து வையுங்கள். பனியில் நனைந்த முடியை வெட்டக்கூடாது. காலையில் ஒரு கொத்து முடியைப் பிரித்து, தோலை ஒட்டிய பாகத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் இன்னும் ஒரு மணி நேரம் வெயில் வேண்டும். ரோமம் தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும். கடலோர ஊர்களில் இது இன்னும் ஏமாற்றும். ஈரத்தோடு மூட்டை கட்டினால் உள்ளே சூடேறி, மஞ்சள் பிடித்து, பூஞ்சை வந்துவிடும்.

கருவி: இரண்டு அலகும் ஒரே வில் எஃகால் இணைந்த ஆட்டுக் கத்திரி 20 ஆட்டுக்குப் போதும். தையல் கத்தரிக்கோல் வேண்டாம். கூர்முனை தோலைக் குத்தும், விரலும் அரை மணி நேரத்தில் கன்றிவிடும். ஆட்டுக் கத்திரியைத் தீட்டும்போது சரிவாக இருக்கும் வெளிப்பக்கத்தை மட்டும் சாணைக்கல்லில் தேயுங்கள். இரண்டு அலகும் உரசும் உள்பக்கத்தில் கல் பட்டால் நடுவில் இடைவெளி விழும், முடி வெட்டுப்படாமல் மடிந்து உள்ளே சிக்கும். நாலைந்து ஆட்டுக்கு ஒருமுறை மண்ணெண்ணெயில் துடைத்து மெழுகை எடுத்துவிடுங்கள். மின் இயந்திரம் வாங்கினால் ஆட்டுக்கென்று செய்ததையே வாங்குங்கள். சலூன் டிரிம்மர் இரண்டாவது ஆட்டுக்குள் மெழுகு அடைத்து நின்றுவிடும். இயந்திரத்தில் கீழே ஓடும் சீப்பும் மேலே ஆடும் வெட்டுத்தகடும் ஒன்றையொன்று அழுத்துகிற அளவுதான் எல்லாமே. தளர்ந்திருந்தால் முடியை மெல்லும், இறுகியிருந்தால் சீப்பு சூடாகித் தோலைச் சுடும். ஒவ்வொரு ஆட்டுக்கும் முன்னால் எண்ணெய் விட்டு, சீப்பைப் புறங்கையில் வைத்துப் பாருங்கள். உங்கள் கை தாங்காத சூட்டை ஆட்டின் அடிவயிறு தாங்காது.

இடம் கட்டாந்தரையாக வேண்டாம். சிமென்ட் தரையிலோ தார்ப்பாயிலோ வெட்டுங்கள். வைக்கோல், தென்னோலைத் துணுக்கு, கயிற்றுப் பிசிறு எதுவும் இருக்கக்கூடாது. வெள்ளை ஆடுகளை முதலில் முடித்துவிட்டு, கருப்பு, தவிட்டு நிறத் திட்டு உள்ளவற்றைக் கடைசியில் வெட்டுங்கள். வெள்ளை ரோமத்தில் விழுந்த கருமுடியைப் பிறகு பொறுக்க முடியாது.

கிடத்தும் முறை இரண்டு. பழகியவர்கள் ஆட்டைப் பிட்டத்தில் உட்காரவைத்து, முதுகைத் தங்கள் முழங்காலில் சாய்த்து, காலைக் கட்டாமலே வெட்டுவார்கள். புதியவர்களுக்கு ஒருக்களித்துக் கிடத்தி, மூன்று காலைச் சேர்த்து மெத்தென்ற துணிக்கயிற்றால் கட்டுவது சுலபம். கட்டிய கால் 15 நிமிடத்துக்கு மேல் கட்டிலேயே இருக்கக்கூடாது. உங்கள் கைக்கு அரை மணி நேரம் ஆகுமென்றால் நடுவில் அவிழ்த்து, ஆட்டை எழுப்பி நிறுத்தி, மூச்சு வாங்கவிட்டு, மறுபக்கம் கிடத்துங்கள். ஆட்டை ஒருபோதும் ரோமத்தைப் பிடித்துத் தூக்காதீர்கள். தோலுக்கடியில் ரத்தம் கட்டிவிடும், அறுப்பின்போது அந்த இடத்து இறைச்சி கறுத்திருக்கும்.

முதலில் பின்பக்கத்தில் சாணம் ஒட்டிய கொத்துகளை வெட்டித் தனிச் சாக்கில் போடுங்கள். அடுத்தது அடிவயிறு. இங்கே ஆட்டின் தோல் மிக மெல்லியது. நெஞ்செலும்பிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வாருங்கள். பெட்டை ஆட்டில் மடிக்கு அருகே வரும்போது இடது உள்ளங்கையால் இரண்டு காம்பையும் மூடிக்கொண்டு, கத்திரியைக் கையிலிருந்து விலகிப் போகிற திசையில் ஓட்டுங்கள். காம்பு வெட்டுப்பட்டால் அந்தப் பக்கம் பால் அடைத்துப் போகும். அடுத்த ஈற்றில் குட்டி பட்டினி கிடக்கும். கிடாவில் ஆண்குறி உறையின் துளையையும் விதைப்பையையும் இதேபோல் காக்கவேண்டும். பின்காலுக்கும் வயிற்றுக்கும் நடுவே இறக்கைபோல் விரியும் தோல்மடிப்பு, அக்குள், கழுத்துச் சுருக்கம், பின்முழங்காலுக்கு மேலே கயிறுபோல் தட்டுப்படும் தசைநாண், பெட்டையின் பிறப்புறுப்பு நுனி ஆகிய இடங்களில் பாதி வேகத்தில் போங்கள்.

இந்த வேலையின் சூட்சுமம் இடது கையில் இருக்கிறது. புதியவர் எல்லோரும் செய்யும் தவறு, முடியை ஒரு கையால் தூக்கிப் பிடித்து அடியில் கத்திரி விடுவது. முடியை இழுத்தால் தோலும் கூடாரம்போல் மேலே எழும். முடியென்று நினைத்து வெட்டுவது அந்தக் கூடார உச்சியைத்தான். முடியைத் தொடவே வேண்டாம். விரல்களை அகல விரித்து, நீங்கள் வெட்டப்போகும் இடத்துக்குப் பின்னால் தோலை அழுத்திப் பின்னோக்கி இழுங்கள். தோல் மத்தளத்தோல்போல் விறைக்கும். கத்திரியின் கீழலகு அதன்மேல் படுத்து வழுக்கிக்கொண்டு போகும். வெட்டப்பட்ட ரோமம் தானாக விலகி மடியும், அடியில் பால்வெள்ளையாக வரிவரியாகத் தெரியும். முன்காலைச் சற்று முன்னே இழுத்தால் விலாவின் சுருக்கம் நீங்கும். தாடையை மேலே தூக்கினால் கழுத்துச் சுருக்கம் நீங்கும். இதற்குத்தான் பிடிக்கிற ஆள் வேண்டும்.

வயிறு முடிந்ததும் பின்தொடையிலிருந்து விலா வழியாக முதுகெலும்பு வரை, பிறகு தோள், கழுத்து. முதுகெலும்பைத் தாண்டி இரண்டு விரல் அகலம் கூடுதலாக வெட்டிவிட்டுப் புரட்டினால் மறுபக்கம் வேலை எளிது. ரோமம் போர்வைபோல் ஒரே விரிப்பாக வரவேண்டும். மேடாக விட்ட இடத்தை மறுபடி போய் வெட்டாதீர்கள். அந்த இரண்டாம் வெட்டில் விழும் அரை அங்குலத் துணுக்குகள் ரோமத்தில் கலந்தால், நூற்கும்போது உருண்டை உருண்டையாக நிற்கும். ஆடு கொஞ்சம் படிக்கட்டாகத் தெரிந்தால் என்ன? இரண்டு வாரத்தில் சமமாகிவிடும்.

காயம் படாமல் 20 ஆடு வெட்டுவது புதியவருக்கு நடக்காது. ஆகவே போவிடோன் அயோடினும் பஞ்சும் பக்கத்தில் வைத்துக்கொண்டே தொடங்குங்கள். சிராய்ப்புக்கு அயோடின் தடவி, சுற்றிலும் கற்பூரம் கலந்த வேப்பெண்ணெய் பூசினால் ஈ அண்டாது. ஒரு அங்குலத்துக்கு மேல் பிளந்த காயத்துக்குத் தையல் வேண்டும், கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். அடுத்த ஒரு வாரம் தினமும் ஆட்டைப் பாருங்கள். புண்ணில் புழு வைத்தால் ஆடு மந்தையை விட்டு ஒதுங்கும், தரையைக் காலால் தட்டும், திரும்பித் திரும்பி அந்த இடத்தைக் கடிக்கும். டர்பன்டைன் நனைத்த பஞ்சைப் புண்ணுக்குள் வைத்துச் சில நிமிடம் கழித்து, வெளியே வரும் புழுக்களை இடுக்கியால் எடுத்து முழுதாகச் சுத்தம் செய்யவேண்டும். ஒன்று மிஞ்சினாலும் புண் ஆறாது.

இதைவிடக் கொடியது ரணஜன்னி, அதாவது டெட்டனஸ். வெட்டுக்காயத்தில் மண் பட்டு, மூன்று நாள் முதல் மூன்று வாரத்துக்குள் ஆட்டின் கால்கள் மரக்கட்டைபோல் விறைத்து, காது நிமிர்ந்து, தாடை பூட்டிக்கொள்ளும். அந்த நிலைக்கு வந்த ஆடு பிழைப்பது அரிது. தடுப்பூசி உண்டு. முதன்முறை போடும் ஆட்டுக்கு நாலு முதல் ஆறு வார இடைவெளியில் இரண்டு தவணை தேவை. மாசியில் வெட்டுவதானால் மார்கழியிலேயே கால்நடை மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

வெட்டிய ஆட்டை முதல் பத்து நாள் உச்சிவெயிலில் மேய்க்காமல் காலையிலும் மாலையிலும் மேய்க்கவும். இரவில் காற்று நேரே அடிக்காத மறைப்பு வேண்டும், ஓலைத் தட்டி போதும். தீவனம் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள், போர்வை போன உடம்பு சூட்டைக் காக்கக் கூடுதலாகத் தின்னும். உண்ணி, பேன் மருந்துக் குளியலுக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. முடி குட்டையாக இருப்பதால் மருந்து பாதி செலவில் தோலைத் தொடும். ஆனால் வெட்டிய அன்றே கூடாது. காயமெல்லாம் ஆற இரண்டு வாரம் விட்டு, வெயில் அடிக்கும் காலையில், வயிறு நிறையத் தண்ணீர் காட்டிவிட்டுக் குளிப்பாட்டுங்கள். தாகத்தோடு விட்டால் மருந்துத் தண்ணீரைக் குடித்துவிடும். கலக்கும் அளவுக்குப் புட்டியில் அச்சிட்டதைப் பின்பற்றுங்கள், கைக்கணக்கு வேண்டாம்.

இனி அந்த 8 கிலோ. யாராவது கைவினைக்காரர் கேட்டு வாங்குவதாக இருந்தால் தரம் பிரிப்பதில்தான் காசு இருக்கிறது. ஒரு கயிற்றுக் கட்டில் போதும். விரிப்பை வெட்டுப்பக்கம் கீழே இருக்கும்படி கட்டில்மேல் விரித்து, இரண்டு கையாலும் மெல்ல உதறுங்கள். மண்ணும் துணுக்கும் கயிற்றுக்கு நடுவே கீழே விழும். ஓரத்தைச் சுற்றி வந்து, வயிற்றுமுடி, சாணமுடி, மூத்திரத்தில் மஞ்சளான முடி, மருளூமத்தைக் காயும் நாயுருவியும் ஊசிப்புல்லும் ஏறிய கழுத்துமுடி எல்லாவற்றையும் கிள்ளி எடுத்துவிடுங்கள். மஞ்சள் கறை எந்தச் சோப்பிலும் போகாது. முள்காய் ஒன்று உள்ளே நசுங்கினால் நூறு துண்டாகி நூல் முழுக்க உறுத்தும். மிச்சம் நிற்கும் முதுகு, தோள் பாகம்தான் விற்கத்தக்கது.

அதிலும் ஒரு சோதனை. பென்சில் கனத்துக்கு ஒரு கொத்தை எடுத்து, இரண்டு நுனியையும் பிடித்துக் காதருகே வைத்துச் சுண்டுங்கள். தந்தி மீட்டியதுபோல் கணீரென்றால் நல்ல ரோமம். நறநறவென்று கேட்டாலோ நடுவில் அறுந்தாலோ, அந்த ஆட்டுக்கு இடையில் காய்ச்சலோ பட்டினியோ வந்திருக்கிறது. அந்த நாட்களில் வளர்ந்த இழை மெலிந்து, எல்லாக் கொத்திலும் ஒரே உயரத்தில் பலவீனம் நிற்கும். அதை நூற்க முடியாது.

சுத்த எடை எவ்வளவு என்று தெரிய, 100 கிராமைக் கழுவிப் பாருங்கள். 60 டிகிரி சூட்டில், அதாவது கை வைக்க முடியாத, ஆனால் கொதிக்காத தண்ணீர் 3 லிட்டரில் பூவந்திக் கொட்டைச் சாறோ பாத்திரம் கழுவும் திரவமோ கலந்து, ரோமத்தை அழுத்தி மூழ்கவைத்து 20 நிமிடம் விடுங்கள். ரோம மெழுகு ஏறக்குறைய 40 டிகிரியில் உருகும், குளிர்ந்த தண்ணீரில் அசையாது. கசக்கவோ கிண்டவோ கூடாது. சூடும் சோப்பும் அசைவும் சேர்ந்தால் இழைகளின் செதில் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு சாணித்துணிபோல் கட்டியாகிவிடும். அலசும் தண்ணீரும் அதே சூட்டில் இருக்கவேண்டும். சலவைச் சோடா அதிகம் போட்டால் இழை கெடும், பிளீச்சிங் போட்டால் கரைந்தே போகும். நிழலில் இரண்டு நாள் உலர்த்தி எடை போடுங்கள். 62 கிராம் நின்றால் உங்கள் மந்தையின் கணக்கு நூற்றுக்கு 62. வாங்குகிறவரிடம் இந்த எண்ணைச் சொல்லிப் பேசினால் பேச்சின் தோரணையே மாறும். மூட்டைக்குப் பழைய வேட்டித்துணி நல்லது. யூரியாச் சாக்கின் பிளாஸ்டிக் பிசிறும் சணல் சாக்கின் நாரும் ரோமத்தில் கலந்தால் பிரிக்க முடியாது. கழுவாமல் வைத்தால் அந்துப்பூச்சி வரும், மாதம் ஒருமுறை வெயிலில் உதறவேண்டும்.

வாங்க ஆளில்லையா, தென்னைக்கும் வாழைக்கும் போடுங்கள். சுத்த ரோமத்தில் எடையில் ஏறக்குறைய 16 சதவீதம் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். உங்கள் 5 கிலோ சுத்த இழையில் 800 கிராம் தழைச்சத்து இருக்கிறது, அதாவது 1.75 கிலோ யூரியாவுக்குச் சமம். மானிய விலையில் 45 கிலோ மூட்டை யூரியா 266 ரூபாய் 50 காசு. ஆக அந்தச் சத்தின் விலை வெறும் பத்து ரூபாய்தான். இதை மறைத்து ரோமத்தைப் பொன் என்று சொல்லமாட்டேன். ஆனால் யூரியா ஒரு மழையில் கரைந்து ஓடுகிறது. ரோமம் மண்ணில் மெல்ல மட்கி, இடைப்பட்ட காலமெல்லாம் ஈரத்தையும் பிடித்து வைக்கிறது. வேர்வை உப்பில் சாம்பல்சத்தும் உண்டு, அதனால் உரத்துக்குப் போவதைக் கழுவவேண்டாம். ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம் என்பார்கள். ஆட்டு ரோமமோ மாட்டு எருவைவிடவும் நிதானமாக வேலை செய்யும்.

காய்த்த தென்னைக்கு வருடத்துக்குச் சொல்லப்படும் தழைச்சத்து 560 கிராம். உங்கள் ரோமம் முழுவதும் ஒன்றரை மரத்துக்கான அளவு. அதனால் எல்லா மரத்துக்கும் தூவி வீணாக்காமல், மணற்பாங்கான இடத்தில் வாடுகிற இரண்டு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். அடிமரத்திலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி, வட்டமாக ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் எடுங்கள். ரோமத்தை முந்தின நாளே தண்ணீரில் அமுக்கி ஊறவையுங்கள். மெழுகு ஒட்டிய காய்ந்த ரோமம் தண்ணீரைத் தள்ளும், அப்படியே புதைத்தால் மாதக்கணக்கில் காய்ந்தே கிடக்கும். ஊறியதை இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, மேலே தேங்காய்க் கதம்பையை (உரித்த மட்டையை) குழிவான பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கி, மண்ணால் மூடுங்கள். கட்டியாகத் திணிக்காதீர்கள், உள்ளே காற்றுப் போகாமல் அழுகி நாறும். மேலாகப் போட்டாலோ ஆரல்வாய்மொழிக் காற்று அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்விடும், மிச்சத்தை நாய் இழுக்கும். வாழையில் மட்டிக்கும் ஏத்தனுக்கும் கன்று வைக்கும் குழியில் 200 கிராம் போதும். சாணமுடிக்கும் கழிவு ரோமத்துக்கும் இதுவே நல்ல வழி. பூச்சிமருந்துக் குளியல் முடிந்து சில வாரத்துக்குள் வெட்டிய முடியைக் காய்கறிப் பாத்திக்குப் போடாதீர்கள்.

ஓர் எச்சரிக்கை. திடீரென்று செத்து, மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கருஞ்சிவப்பு ரத்தம் வழிகிற ஆட்டின் முடியை வெட்டவே கூடாது, தோலை உரிக்கவும் கூடாது. அடைப்பான் நோயாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம். அதன் வித்துகள் ரோமத்தில் ஒட்டி, மூச்சோடு மனிதனுக்குள் போய் உயிரை எடுக்கும். உடம்பைத் திறக்காமல், நாய் அண்டாமல் மூடிவைத்துவிட்டுக் கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். வாய்ப்புண் உள்ள ஆட்டை வெட்டும்போதும் கையுறை போடுங்கள், அந்தப் புண் கைக்கு ஒட்டும்.

அடுத்த கிடா வாங்கும்போது கீழக்கரிசல் கிடாவாக வாங்கினால், பிறக்கும் குட்டிகளில் பலவற்றுக்கு ரோமமும் முடியும் கலந்த மேல்தோல் அமையும். அவற்றில் வெயில் ஏறும்போது திட்டுத்திட்டாகத் தானே உதிரத் தொடங்கும். அப்படிப்பட்ட ஆட்டை முழுதாக வெட்டவேண்டாம். தொங்குகிற கொத்தைக் கையால் மெல்ல இழுங்கள், வந்ததை எடுத்துவிட்டு, வராத இடத்தை மட்டும் கத்திரியால் குறைத்துவிடுங்கள்.